மாஸ்க் போட்டுப் படம் வெட்டும்போது எங்கே பிழை வருகிறது

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் ஒரு சின்ன ஸ்டூடியோவில் இருந்து பல வருடமாகப் படம் வெட்டுகிறேன். சாமத்திய வீட்டு ஆல்பம், கலியாண ஆல்பம், வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பேனர், மரண அறிவித்தல், 31ஆம் நாளுக்கு அச்சடிக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் என்று வேலை மாறினாலும் செய்வது ஒன்றுதான்: ஒருவரை அவர் நின்ற இடத்திலிருந்து எடுத்து வேறோர் இடத்தில் வைப்பது. அதற்குத்தான் மாஸ்க் போடுகிறோம், படத்தை அழிக்காமல் வேண்டாத பகுதியை மட்டும் மறைக்கும் திரை அது. வேலை பழக வரும் பிள்ளைகள் வாரத்துக்கு நாலு தடவையாவது "அண்ணை, மாஸ்க் வேலை செய்யுதில்லை" என்று கூப்பிடுவார்கள். எழும்பிப் போய்ப் பார்த்தால் திரும்பத் திரும்ப அதே பத்துப் பன்னிரண்டு பிழைகள்தான். அவற்றை வரிசையாக எழுதி வைக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

போட்டோஷாப்பை வைத்துத்தான் எழுதுகிறேன். இணையத்தில் ஓடும் போட்டோபீ பாவிப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே விசைகள்தான். கிம்ப் என்ற இலவச மென்பொருள் வேறுபடும் இடத்தில் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் இன்னும் பழைய போட்டோஷாப் 7.0 ஓடும் கொம்பியூட்டர்கள் இருப்பதால் அதையும் விடவில்லை.

தொடங்க முதல் மூலப் படத்துக்கு ஒரு பிரதி எடுத்து வேறு ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.

## பிரஷ்ஷால் இழுத்தால் முகத்தின் மேலேயே கறுப்பு விழுகிறது

நீங்கள் மாஸ்க்கில் நிற்கவில்லை, படத்தில் நிற்கிறீர்கள். படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தாள்களுக்குத்தான் லேயர் என்று பெயர். லேயர் பலகத்தில் ஒரே வரியில் இரண்டு சின்னப் பெட்டிகள் இருக்கும், இடப்பக்கம் படம், வலப்பக்கம் மாஸ்க். எதைச் சுற்றி மூலைக்கோடு தெரிகிறதோ அதில்தான் பிரஷ் வேலை செய்யும். கோடு சின்னதாக இருப்பதால் கண்ணுக்குத் தப்பும். அதனால் மேலே கோப்பின் பெயர் இருக்கும் பட்டையைப் பாருங்கள், மாஸ்க்கில் நின்றால் "லேயர் மாஸ்க்" என்று அங்கே எழுதியிருக்கும். பிரஷ்ஷின் நிறம் சிவப்போ நீலமோ காட்டினாலும் படத்தில்தான் நிற்கிறீர்கள், மாஸ்க்குக்குள் கறுப்பு, வெள்ளை, சாம்பல் தவிர வேறு நிறம் வராது.

கண்ட்ரோல் இசட் அடித்துப் பின்னால் வந்து, வலப்பக்கப் பெட்டியை ஒருதரம் கிளிக் செய்துவிட்டுத் தொடருங்கள்.

## இழுக்கிறேன், ஒன்றுமே நடக்கவில்லை

முதலில் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும். ஏற்கெனவே வெள்ளையாக இருக்கும் இடத்தில் வெள்ளையை எவ்வளவு தீட்டினாலும் எதுவும் மாறாது. டி அடித்தால் நிறங்கள் கறுப்பு வெள்ளைக்கு வரும், எக்ஸ் அடித்தால் இரண்டும் இடம் மாறும்.

நிறம் சரியென்றால் அடுத்த சந்தேகம் ஒளிந்திருக்கும் செலக்ஷன். எங்கோ ஒரு மூலையில் நாலு பிக்ஸல் செலக்ட் ஆகியிருந்தால் பிரஷ் அந்த நாலு பிக்ஸலுக்குள் மட்டும்தான் ஓடும், அதோடு யாராவது தெரியாமல் கண்ட்ரோல் எச் அழுத்தியிருந்தால் செலக்ஷனைச் சுற்றி ஓடும் எறும்புக் கோடும் தெரியாது. யோசிக்காமல் கண்ட்ரோல் டி அடியுங்கள். நான் பார்த்ததில் பாதிக்குமேல் இத்தோடு தீர்ந்துவிடும்.

இன்னும் தீரவில்லையா? மாஸ்க் பெட்டியின் மேல் சிவப்புக் குறுக்குக்கோடு இருந்தால் மாஸ்க் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, ஷிப்டை அழுத்திக்கொண்டு அதைக் கிளிக் செய்தால் திரும்ப உயிர் வரும். பிரஷ்ஷின் ஒபாசிட்டியும் புளோவும் 100இல் இருக்கின்றனவா, மோட் நார்மலா என்றும் பாருங்கள். முதல்நாள் வேறு யாரோ 5 சதவீதத்தில் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள், பொதுக் கொம்பியூட்டரில் இது சாதாரணம்.

கிம்பில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. லேயரைச் சுற்றி மஞ்சள் புள்ளிக்கோடு ஓடும், அந்தக் கோட்டுக்கு வெளியே தீட்டினால் எதுவும் விழாது. லேயர் மெனுவில் "லேயர் டு இமேஜ் சைஸ்" கொடுத்தால் கோடு படத்தின் விளிம்புவரை போகும்.

## மாஸ்க் போட்டதும் ஆள் மறைந்து பின்னணி நிற்கிறது

செலக்ஷன் தலைகீழாகிவிட்டது. மாஸ்க் பெட்டியில் நின்று கண்ட்ரோல் ஐ அடியுங்கள், முடிந்தது. முழுப் படமுமே மறைந்துபோனால் ஆல்ட் விசையோடு மாஸ்க் பொத்தானை அழுத்தியிருப்பீர்கள், அது கறுப்பு மாஸ்க் போடும். அதற்கும் கண்ட்ரோல் ஐதான் மருந்து.

## வட்டத்துக்குள் படம் இறங்கமாட்டேன் என்கிறது

அஞ்சலி நோட்டீஸில் நீள்வட்டத்துக்குள் முகம் வைப்பதற்கும் ஆல்பத்தில் பூ வடிவத்துக்குள் பிள்ளையின் படம் வைப்பதற்கும் கிளிப்பிங் மாஸ்க்தான் வசதி. மேலே இருக்கும் படத்தைக் கீழே இருக்கும் வடிவத்துக்குள் மட்டும் காட்டுவது அது. வடிவம் கீழே, படம் அதற்கு நேர் மேலே. இது மாறியிருந்தால் ஒருபோதும் இறங்காது. இடையில் இன்னொரு லேயர் நின்றாலும் படம் அந்த லேயருக்குள் இறங்கிவிடும், இடையில் நிற்பது வெறும் லேயராக இருந்தால் படம் முழுவதும் காணாமல் போகும், பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். லேயர்களை இழுத்து ஒழுங்குபடுத்திவிட்டு, மேலே இருக்கும் படத்தில் நின்று கண்ட்ரோல் ஆல்ட் ஜி அடியுங்கள். 7.0இல் இதற்குப் பெயரே வேறு: "குரூப் வித் பிரீவியஸ்", விசை கண்ட்ரோல் ஜி மட்டும்.

கட்டளை மங்கலாகத் தெரிந்து அழுத்த முடியாமல் இருந்தால் பூட்டுப் போட்ட பேக்ரவுண்ட் லேயரில் நிற்கிறீர்களா என்று பாருங்கள். அதன் பெயரில் இரண்டு தரம் கிளிக் செய்து ஓகே கொடுத்தால் சாதாரண லேயராகிவிடும். மிக அடியில் இருக்கும் லேயருக்கும் கட்டளை வராது, கீழே வடிவம் ஒன்று வேண்டுமே. இணையத்தில் இறக்கிய ஜிஃப் படத்தில் வேலை செய்தால் இமேஜ் மெனுவில் மோட் என்பதற்குப் போய் ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள், இண்டெக்ஸ்ட் நிறத்தில் இருக்கும் கோப்பில் இந்த வேலைகள் நடக்காது.

## முகத்தை நகர்த்தினால் வட்டமும் சேர்ந்து வருகிறது

படப் பெட்டிக்கும் மாஸ்க் பெட்டிக்கும் நடுவில் ஒரு சங்கிலி இருக்கும். அதைக் கிளிக் செய்து கழற்றிவிட்டுப் படத்தை மட்டும் நகர்த்துங்கள், பிறகு திரும்ப மாட்டுங்கள். ஒரு பக்கத்தில் எட்டுப் பத்து முகம் வைக்கும் வேலை என்றால் லேயர் மாஸ்க்கோடு மல்லுக்கட்ட வேண்டாம், கிளிப்பிங் மாஸ்க்குக்கு மாறுங்கள். அதில் வடிவமும் படமும் தனித்தனி லேயர் என்பதால் ஆளை மாற்றுவதும் சுலபம்.

## தலைமுடியைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு கோடு

இதுதான் அதிகம் வரும் பிழை, பேனரில் தூரத்திலிருந்தே தெரிந்து முழு வேலையையும் கெடுப்பதும் இதுதான். இரணைமடுக் குளக்கட்டில் பின்னேர வெயிலில் எடுத்த படமென்றால் தோள் ஓரத்தில் செம்மஞ்சள் கோடு வரும், வடலிக்கு முன்னால் எடுத்ததென்றால் பச்சை, மண்டபத்தில் எடுத்ததென்றால் திரையின் நிறம். முடிக்கு இடையால் பின்னால் இருந்த வெளிச்சம் கசிந்து நிற்கிறது, மாஸ்க் அதையும் ஆளோடு சேர்த்து எடுத்துவிடுகிறது.

முதலில் ஆல்ட்டை அழுத்தி மாஸ்க் பெட்டியைக் கிளிக் செய்யுங்கள், மாஸ்க் மட்டும் திரை முழுக்கக் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். ஆளின் உடம்புக்குள் சாம்பல் பொட்டுக்கள் இருந்தாலோ வெளியே கறுப்புக்குள் மங்கல் புகை தெரிந்தாலோ கோட்டைக் கவனிக்க முதல் அவற்றைத் துப்புரவாக்க வேண்டும். இதற்கு நல்ல வழி பிரஷ்ஷின் மோடை ஓவர்லேக்கு மாற்றித் தீட்டுவது. வெள்ளையால் தீட்டினால் முழுக் கறுப்பு அசையாது, சாம்பல் மட்டும் வெள்ளைப் பக்கம் நகரும். கறுப்பால் தீட்டினால் மறுபக்கமும் அதேமாதிரி. முடி ஓரத்தில் இது செய்யும் வேலையை வேறு எதாலும் இவ்வளவு நிதானமாகச் செய்ய முடியாது என்பது என் அனுபவம்.

மாஸ்க் துப்புரவு, கோடு மட்டும் இருக்கிறது என்றால் மாஸ்க்கை ஒரு பிக்ஸல் உள்ளே தள்ளுங்கள். ஃபில்டர் மெனுவில் அதர், அதற்குள் மினிமம், ரேடியஸ் 1. இது 7.0இலும் உண்டு. தோள், சட்டை, சாறி ஓரங்களுக்கு இது போதும். பெரிய படமென்றால் 2 கொடுக்கலாம், அதற்குமேல் போனால் காது மெலிந்துவிடும்.

முடிக்கு இது சரிவராது, முடி நுனி வெட்டுப்பட்டுத் தலை ஹெல்மெட் போட்ட மாதிரி ஆகிவிடும். 2016க்குப் பின்னான பதிப்புகளில் "செலக்ட் அண்ட் மாஸ்க்" இருக்கிறது. அதில் ரிஃபைன் எட்ஜ் பிரஷ்ஷால் முடி ஓரத்தை மட்டும் வருடிவிட்டு, ஷிஃப்ட் எட்ஜைக் கொஞ்சம் மைனஸ் பக்கம் தள்ளி, கடைசியில் டிகண்டாமினேட் கலர்ஸ் போடுங்கள். அந்தக் கடைசிக் கட்டளை ஓரத்து நிறத்தையே மாற்றும் என்பதால் மாஸ்க்கோடு கூடிய புதிய லேயராக வெளியே எடுக்கும், பழைய லேயர் கீழே பத்திரமாக இருக்கும். இந்த வசதி இல்லாத பழைய பதிப்பென்றால் கண்ட்ரோல் ஜே அடித்து லேயருக்குப் பிரதி எடுத்து, பிரதியில் மாத்திரம் மாஸ்க்கை அப்ளை செய்து, லேயர் மெனுவின் மேட்டிங்கில் டிஃப்ரிஞ்ச் 1 அல்லது 2 பிக்ஸல் கொடுங்கள்.

இன்னொரு தந்திரம், சாமத்திய வீட்டுப் படங்களில் எனக்கு அடிக்கடி உதவுவது. பிள்ளையின் தலையில் வைத்த மல்லிகைச் சரத்தை வெள்ளைத் திரைக்கு முன்னால் எடுத்திருப்பார்கள். எந்தத் தானியங்கிக் கருவியும் பூவையும் திரையையும் பிரித்தறியாது, பூவில் பாதியைத் தின்றுவிடும். அங்கே கருவியை நம்பாமல் படத்தை 200 சதவீதத்துக்குப் பெருப்பித்துச் சின்ன கெட்டிப் பிரஷ்ஷால் ஒவ்வொரு மொட்டாகக் கையாலேயே மாஸ்க்கைத் தீட்டுங்கள். அரை மணித்தியாலம் போகும். போகட்டும், அந்தப் பிள்ளை அந்த ஆல்பத்தை வாழ்நாள் முழுக்க வைத்திருப்பாள்.

இவ்வளவு செய்தும் ஓரம் கட்டம் கட்டமாக நின்றால் பிழை மாஸ்க்கில் இல்லை, படத்தில். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கித்தான் வரும், ஓரங்களில் சதுரப் புள்ளிகள் கிடக்கும். கனடாவில், லண்டனில் இருக்கும் சொந்தக்காரரிடம் "டொக்கியூமென்ட்டாக அனுப்புங்கோ" என்று சொல்லித் திரும்ப வாங்குங்கள். ஒரு மணித்தியாலம் மாஸ்க்கோடு மாய்வதைவிட ஒரு நிமிடம் போன் எடுத்துக் கதைப்பது மேல்.

## ஓரம் முழுக்கப் பஞ்சு மாதிரி மங்குகிறது

லாஸோ அல்லது மார்க்கீ கருவியின் மேல்பட்டையில் ஃபெதர் என்ற பெட்டியில் பழைய எண் ஒன்று இருக்கும். 0 ஆக்கிவிட்டுத் திரும்பச் செலக்ட் செய்யுங்கள். ஏற்கெனவே போட்ட மாஸ்க்கென்றால் மாஸ்க்கில் நின்று கண்ட்ரோல் எல் அடித்து, லெவல்ஸில் இரண்டு ஓர முக்கோணங்களையும் நடுவுக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள், மங்கல் இறுகும்.

## குராப் செய்ததும் படம் குட்டியாகிப் பிரின்டில் முகம் கரைகிறது

பாஸ்போர்ட் அளவுப் படம் அடிக்கும் கடைகளில் இது நாளாந்தப் பிழை. படத்தின் ஓரங்களை வெட்டும் குராப் கருவியின் மேல்பட்டையில் 35 மில்லிமீட்டர், 45 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 300 பிக்ஸல் என்று முன்னைய ஆள் நிரப்பிவைத்துப் போயிருப்பார். அடுத்து நீங்கள் எந்தப் படத்தை வெட்டினாலும், கமராவில் ஆறாயிரம் பிக்ஸல் அகலத்தில் வந்ததாக இருந்தாலும், அது 413க்கு 531 பிக்ஸலாக நசுங்கும். திரையில் நன்றாகத்தான் தெரியும். அதை 8க்கு 10 அங்குலத்தில் பிரின்ட் எடுக்கும்போதுதான் அங்குலத்துக்கு 50 பிக்ஸல் சொச்சமே இருப்பது முகத்தில் தெரியும், அந்த அளவுக்கு வேண்டியது 2400க்கு 3000.

செலவில்லாத திருத்தம்: கண்ட்ரோல் இசட் அடித்துவிட்டு, மேல்பட்டையில் கிளியர் அழுத்தி எண்களை வெறுமையாக்கித் திரும்ப வெட்டுங்கள். வெட்ட முதல் ஒவ்வொரு தடவையும் அந்தப் பெட்டிகளைப் பார்க்கும் பழக்கத்தைக் கையில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

பெட்டி வெறுமையாகவே இருந்தது, ஆனாலும் மங்கல் என்றால் மூலத்தில் பிக்ஸல் போதாது. பழைய 6க்கு 4 குழுப் படத்தில் ஒருவரின் முகம் ஒரு சென்ரிமீற்றர் அகலம்தான் இருக்கும். அங்குலத்துக்கு 600 பிக்ஸலில் ஸ்கேன் செய்தால் அந்த முகத்துக்கு 236 பிக்ஸல் கிடைக்கும், 1200இல் 472. ஆகவே குழுப் படத்திலிருந்து ஒருவரை எடுக்கப் போகிறீர்கள் என்றால் 1200இல் ஸ்கேன் செய்யுங்கள், 300இல் செய்துவிட்டுப் பிறகு பெருப்பிக்க வேண்டாம். ஃபிளெக்ஸ் பேனர் தூரத்திலிருந்து பார்ப்பது, 72 முதல் 100 வரை இருந்தாலே ஓடிவிடும்.

கடவுச்சீட்டுக்கும் தேசிய அடையாள அட்டைக்கும் நீங்களே வெட்டிக்கொண்டு போகாதீர்கள். அவற்றை அனுமதி பெற்ற ஸ்டூடியோதான் எடுத்து இணையவழி அனுப்ப வேண்டும். நேரே அங்கே போங்கள்.

## வெட்டிய பகுதி திரும்ப வேண்டும்

கோப்பு இன்னும் திறந்திருந்தால் கண்ட்ரோல் இசட், அல்லது ஹிஸ்டரி பலகத்தில் பின்னால் போகலாம். மூடித் திறந்த, லேயர்களோடு சேமித்த பி.எஸ்.டி கோப்பென்றால் இமேஜ் மெனுவில் "ரிவீல் ஆல்" கொடுத்துப் பாருங்கள். குராப் செய்யும்போது "டிலீட் குராப்ட் பிக்ஸல்ஸ்" பெட்டியில் சரி அடையாளம் இல்லாமல் இருந்திருந்தால் எல்லாம் திரும்ப வரும். 7.0இல் இதே தெரிவு "டிலீட்", "ஹைட்" என்று இரண்டாக இருக்கும், ஹைட் கொடுத்திருக்க வேண்டும்.

மாஸ்க்கால் மறைத்த பகுதியென்றால் இன்னும் சுலபம், மாஸ்க்கை வெள்ளையால் தீட்டினாலே வரும். ஆனால் மாஸ்க்கைக் குப்பைத்தொட்டிக்கு இழுக்கும்போது வரும் கேள்வியை வாசித்துவிட்டு அழுத்துங்கள். டிலீட் கொடுத்தால் மாஸ்க் மட்டும் போகும், முழுப் படமும் மீளும். அப்ளை கொடுத்தால் மறைந்திருந்தது நிரந்தரமாகப் போய்விடும். பெயரைப் பார்த்தால் டிலீட்தான் ஆபத்துப் போலத் தெரியும், உண்மை மறுபக்கம்.

ஜேபெக்காக அதே பெயரில் சேமித்து மூடியிருந்தால் அந்தக் கோப்பிலிருந்து மீட்க வழியில்லை. போனில், மெமரி கார்டில், மெயிலில், அனுப்பிய ஆளிடம் மூலம் இருக்கிறதா என்று தேடுங்கள். மெமரி கார்டில் இருந்து அழிந்திருந்தால் அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காமல் கழற்றி, தரவு மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். 2009க்கு முதல் எடுத்த ஒரு குழுப் படத்தை எங்கேயோ ஒரு கடையில் கொடுத்து மகனை மட்டும் வெட்டி எடுப்பித்திருந்தார். பிரின்ட் பிறகு மழையில் கெட்டுவிட்டது, மிஞ்சியது பென் டிரைவில் இருந்த வெட்டிய படம் மட்டும். அதில் மகனின் தோளில் ஒரு கை. கைக்கு உரியவர் வெட்டுக்கு வெளியே. "தம்பி, இந்தக் கை என்ர மூத்தவளின்ர. அவளின்ர படம் வேற ஒண்டும் இல்லை. அவளையும் எடுத்துத் தரேலுமோ?" என்று கேட்டார். கோப்பை எல்லா வழியிலும் திறந்து பார்த்தேன். ஜேபெக், வெட்டிச் சேமித்தது, உள்ளே ஒன்றும் இல்லை. அந்தக் கடைக்காரர் கெட்டவராக இருந்திருக்க மாட்டார், ஒரு பெட்டியில் சரி அடையாளம் இருந்திருக்கும், வெட்டியதை ஜேபெக்காகச் சேமித்துவிட்டார், அவ்வளவுதான். வன்னியில் இடம்பெயர்ந்த போது ஆல்பங்களைத் தூக்கிக்கொண்டு போக முடிந்தவர்கள் கொஞ்சப் பேர். ஒரு வீட்டுக்கு ஒரு படம் என்று மிஞ்சியதுதான் எங்கள் மேசைக்கு வருகிறது. அதனால் எங்கள் ஸ்டூடியோவில் எல்லாக் கொம்பியூட்டரிலும் அந்தச் சரி அடையாளத்தை எடுத்துவிட்டேன், பழகவரும் பிள்ளைகளுக்கு முதல்நாள் காட்டுவதும் அந்தப் பெட்டியைத்தான்.

## சேமித்ததும் பின்னணி வெள்ளையாக வந்துவிட்டது

ஜேபெக் வெறுமையைத் தாங்காது, வெள்ளையால் நிரப்பிவிடும். பி.என்.ஜி ஆகச் சேமியுங்கள். பி.என்.ஜி ஆகத்தான் சேமித்தேன், அங்கே போய்த் திறந்தால் வெறுமை இல்லை என்று சொன்னால், வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பியிருப்பீர்கள், அது வழியிலேயே ஜேபெக்காக மாறிவிடும். டொக்கியூமென்ட்டாக அனுப்புங்கள். கல்வெட்டை அச்சகத்துக்குக் கொடுப்பதென்றால் அவர்களிடம் பி.எஸ்.டி வேண்டுமா, டிஃப் வேண்டுமா என்று முதலே கேட்டுவிடுங்கள். நிறத்தை அச்சு மைகளுக்குரிய சிஎம்ஒய்கேக்கு மாற்றும் வேலையை அவர்களிடமே விடுவது நல்லது, அவர்களின் மெஷினை அவர்களுக்குத்தான் தெரியும்.

## நடுவழியில் நின்றுவிடுகிறது

"ஸ்கிராட்ச் டிஸ்க் ஃபுல்" என்று வந்தால் சி டிரைவில் இடமில்லை. இடம் ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் பிரிஃபரன்ஸஸில் வேறு டிரைவைக் காட்டுங்கள். கரண்ட் போய் வரும் இடமென்றால் தானாகச் சேமிக்கும் நேரத்தை 10 நிமிடத்திலிருந்து 5க்குக் குறையுங்கள். அதற்குப் பிறகும் பெரிய ஆல்பப் பக்கத்தில் இறுகி நின்றால் ராம் கூட்டத்தான் வேண்டும், அது செலவு, கடைசியாகப் பாருங்கள்.

## படம் கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கிறது

ஈரம் பட்டுச் சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டிய படங்கள் நிறைய வரும், லாமினேட் செய்து அதற்குள் பூஞ்சணம் பிடித்தவையும் வரும். உரிக்காதீர்கள். உரித்தால் முகத்தின் நிறப்படலம் கண்ணாடியோடு போகும், அதை எந்த மாஸ்க்காலும் திருப்பி எடுக்க முடியாது. கண்ணாடியைத் துடைத்து அப்படியே ஸ்கேனரில் வையுங்கள். ஸ்கேனரில் மினுக்கம் விழுந்தால் யன்னல் பக்கமாக, பக்கவாட்டு வெளிச்சத்தில், கறுப்புத் துணியைக் கமராவுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நேர் எதிரே நின்று எடுங்கள். முகம் முழுதாக இருந்து பின்னணி மட்டும் கெட்டிருந்தால் மேலே சொன்ன மாஸ்க் வேலையோடு நீங்களே முடிக்கலாம். கண்ணோ வாயோ போயிருந்தால் பழைய படம் திருத்துவதையே தொழிலாகச் செய்பவரிடம் அந்த ஸ்கேன் கோப்பை மட்டும் அனுப்புங்கள். கண்ணாடியையும் சட்டத்தையும் கொண்டுவந்தவர் கையிலேயே அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.